ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை

"இதுல கியர் மாத்தறதுக்கு ஒண்ணுமே இல்லையே மாப்ள" என்றார் மாமனார், டேப்லெட்டை முகத்தருகே கொண்டுபோய்.

பால்கனியில் வெயில் அவர் முழங்கால்வரை ஏறியிருந்தது. திரையில், அடுத்த வருடம் வரப்போகும் ஜெர்மன் கார். சோதனை ஓட்டத்தில் யாரோ ஒளிந்திருந்து எடுத்த படம். வடிவம் தெரியாமலிருக்க அதன் உடம்பெல்லாம் கறுப்பும் வெள்ளையுமாய்ச் சுருள் சுருளாக எதையோ ஒட்டியிருந்தார்கள்.

"அதான் பேட்டரி வண்டியாச்சே மாமா. கியரே தேவையில்ல."

"கியர் இல்லாத வண்டிக்கு டிரைவர் எதுக்கு? பேசாம லிஃப்ட்ல ஏறி நிக்கலாம்."

மாமனார் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தவர். கற்றுக்கொள்பவர்களின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அடுத்தவர் செய்த தப்புக்கெல்லாம் தன் காலடியிலிருந்த பிரேக்கை மிதித்தே வயதானவர். இப்போதும் தெருவில் யாராவது திடீரென்று ஹாரன் அடித்தால் அவருடைய வலது கால் தரையை அழுத்தும்.

அந்த ஜெர்மன் காரை அவர் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் அதில் இப்போது ஓடும் பெட்ரோல் மாடலைப் பற்றி, தானே கழற்றி மாட்டியதுபோல் பேசுவார். ஸ்டியரிங்கைத் திருப்பினால் சாலையில் கிடக்கும் மணல்கூடக் கைக்குத் தெரியுமாம். எஞ்சின் சத்தத்தை வைத்தே வேகத்தைச் சொல்லிவிடலாமாம்.

மருமகன் எதிர்க்கட்சி. வரப்போகும் வண்டியின் பாய்ச்சலுக்கு முன்னால் இது கட்டைவண்டி என்பான். அதன் டயர் ஒன்றைக்கூட வாங்க வழியில்லாத இருவர், ஞாயிற்றுக்கிழமைதோறும் அதற்காகத் தொண்டை கட்டச் சண்டை போட்டார்கள்.

இன்று அவன் சண்டை போட வரவில்லை.

சமையலறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. மாமனாரின் மகள் வேண்டுமென்றே திறந்துவிட்டிருந்தாள். அந்தச் சத்தம் நிற்பதற்குள் அவன் சொல்லி முடித்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு.

அவனுக்கும் அவளுக்கும் விவாகரத்துத் தீர்ப்பு வந்து மாதங்கள் ஆகிவிட்டன. அதற்கு முன்பே ஆளுக்கொரு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் மாமனாருக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் நடந்தது. அதிர்ச்சியான சேதி எதுவும் காதில் விழக்கூடாது என்றார் டாக்டர்.

அதனால் இருவரும் வேறு வேறு பஸ்ஸில் வந்து, தெருமுனை மருந்துக்கடை வாசலில் சந்தித்து, ஒன்றாக மாடியேறினார்கள். படியில் கால் வைக்கும்போதே அவள் தன் கைப்பையை அவனிடம் கொடுத்துவிடுவாள். அவன் கையில் அவள் பை இருந்தால் யாருக்கும் சந்தேகம் வராது என்பது அவள் கணக்கு.

"இனிமே என்னால நடிக்க முடியாது. நீயே சொல்லிடு. உன்மேலதான் அப்பாவுக்குக் கோபமே வராது" என்றாள் இன்று, மருந்துக்கடை வாசலில்.

அவன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன். முறிவு முதலில் அவன் கண்ணில்தான் படும். படுத்திருப்பவர்கள் "என்ன தெரியுது?" என்று கேட்பார்கள். "டாக்டர் சொல்வார்" என்று சொல்லிப் பழகிய வாய் அது.

"மாமா, ஒரு விஷயம்..."

"மொதல்ல எடையைச் சொல்லுங்க. அவ்வளவு பெரிய பேட்டரியைச் சுமந்துகிட்டு வளைவுல வாத்து மாதிரி ஆடாதா?"

பேட்டரி தரையை ஒட்டி இருப்பதால் ஆடாது என்றான். ஏன் என்று கேட்டார். சொன்னான். அப்படியானால் பள்ளத்தில் தட்டாதா என்று கேட்டார். அதற்கும் சொன்னான்.

"மாமா, நாங்க ரெண்டு பேரும்..."

"இப்ப இருக்கிற வண்டியில எஞ்சின் நடுவுலதானே இருக்கு? அந்த நிதானம் இதுல எப்படி வரும்?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். அந்தக் காருக்கு எஞ்சின் பின்னால். அந்த ஒரு காரணத்துக்காகவே மாமனார் அதன்மேல் பைத்தியமாக இருந்தவர். ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்கு நினைவு தடுமாறும் என்று யாரோ சொன்னது ஞாபகம் வந்தது.

"பின்னாடி மாமா" என்றான் மெல்ல.

"அப்படியா? கொஞ்சம் விளக்கமாச் சொல்லுங்க."

விளக்கினான். பின்சக்கரத்தின் மேல் பாரம் எப்படி உட்காருகிறது, வளைவிலிருந்து வெளியே வரும்போது அது வண்டியை எப்படித் தள்ளுகிறது, எந்த இடத்தில் ஏமாற்றும். எல்லாம் அவர் அவனுக்குச் சொன்னவை. மாமனார் புதிதாகக் கேட்பவர்போல் தலையாட்டிக்கொண்டிருந்தார். சட்டையின் மேல் பட்டன் திறந்திருந்த இடத்தில் தையல் தழும்பு ஏறி இறங்கியது.

குழாய் நின்றது.

"மாமா, இன்னிக்கு இதைச் சொல்லியே ஆகணும்..."

மாமனார் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். டேப்லெட் மடியில் சரிந்தது.

"வேண்டாம்" என்றார், குரலை இறக்கி. "கோர்ட்டுல டைப் அடிக்கிற அம்மாவுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். தீர்ப்பு வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும்."

பிடி தளரவில்லை. நோயாளியின் கைபோல் இல்லை அது.

"எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிய வேண்டாம்." அவர் கண் சமையலறைப் பக்கம் போய் வந்தது. "தெரிஞ்சா, நீங்க இங்க வர்றதுக்குக் காரணமே இல்லாமப் போயிடும் மாப்ள."

அவள் ஈரக்கையைத் துடைத்தபடி வாசலில் வந்து நின்றாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். சொல்லியாச்சா என்றது முகம்.

அவன் இல்லையென்று தலையசைத்தான்.