யாராவது ஸ்டூலைப் பிடிச்சா

"யாராவது வந்து இந்த ஸ்டூலைப் பிடிச்சா நல்லா இருக்கும்" என்று கிளிஃபர்ட் ஏ.சி.யைப் பார்த்துச் சொன்னான்.

படுக்கையறை வாசலில் நின்றிருந்த ஜொவிட்டாவுக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள்.

கணவனும் மனைவியும் பேசி இன்றோடு ஆறு நாள்.

போன ஞாயிறு பூசை முடிந்து சாந்தோம் கோயில் வாசலில் அவளோடு கொயரில் பாடுகிறவர்கள் அத்தனை பேரும் நிற்கும்போது, "எங்க ஜோவி உச்சஸ்தாயிக்குப் போனா மைக்கே பயந்து ஆஃப் ஆயிடும்" என்று சொல்லிவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும் தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டாள்.

அக்னி நட்சத்திரம். ஹாலில் ஏ.சி. கிடையாது. ஆனாலும் முதலில் பேசுபவர் தோற்றவர்.

காற்றிடம் பேசுவது மட்டும் கணக்கில் சேராது. அதனால் அவன் சுவர்க் கடிகாரத்திடம் காபி கேட்பான். அவள் கேஸ் அடுப்பிடம், "சில பேருக்கு டம்ளரைக் கழுவி வைக்கக்கூடத் தெரியாது" என்பாள்.

இன்று மத்தியானம் லஸ் முனைக்குப் போய்விட்டுப் புது ஃபில்டரோடு வந்தான்.

"பழசு பூரா தூசி. மாத்தினாத்தான் கூலிங் வரும்" என்று பீரோவிடம் தெரிவித்துவிட்டு ஸ்டூலில் ஏறினான்.

ஜொவிட்டா உள்ளே வந்தாள். கையால் பிடித்தால் சமாதானம் என்று ஆகிவிடும். ஸ்டூலின் கீழ்க்கட்டையை வலது காலால் மிதித்துக்கொண்டு, கைகளைக் கட்டி ஜன்னலைப் பார்த்தபடி நின்றாள்.

அவன் மூடியைத் தூக்கிப் பழைய ஃபில்டரை உருவினான். ஒரு கணம் அப்படியே நின்றான்.

"அப்பப்பா! எவ்வளவு தூசி!"

அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே அவசர அவசரமாக அதை நியூஸ் பேப்பரில் சுற்றினான். புதியதைச் செருகினான். மூடியை அழுத்தினான். அழுத்திய வேகத்தில் ஸ்டூல் ஒரு பக்கம் சாய்ந்தது.

"கிளிஃப்! பார்த்துடா, விழுந்து தொலைக்கப்போற!"

இரண்டு கைகளாலும் அவன் கால்களைக் கட்டிப் பிடித்திருந்தாள்.

அண்ணாந்து பார்த்தாள். அவன் முகம் முழுக்கப் பல்.

"யாரோ என்கிட்ட பேசின மாதிரி இருந்துச்சே?"

"பேசிட்டேன் போ. தோத்துட்டேன். கீழ இறங்கு முதல்ல."

இறங்கினான். பொட்டலத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டே ரிமோட்டை அழுத்தினான். "எப்படி? புது ஃபில்டர் போட்டதும் ஜில்லுன்னு வருது பார்."

"ஆமா, நல்லாவே வித்தியாசம் தெரியுது."

"ஞாயித்துக்கிழமை நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, ஜோவி."

"கூடாதுதான்" என்றாள். ஹாலுக்குப் போய்த் தலையணையை எடுத்து வந்து கட்டிலில் தன் பக்கம் போட்டாள்.

பொட்டலத்தைக் குப்பையில் போட அவன் கிளம்பினான். போகிற அவசரத்தில் பேப்பர் கொஞ்சம் விலகியது. அவள் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பித் திரையைச் சரிசெய்யத் தொடங்கினாள்.

அந்தப் பழைய ஃபில்டரில் ஒரு பொட்டுத் தூசி இருக்காது என்று அவளுக்குத் தெரியும்.

வியாழக்கிழமை அவன் ஆபீஸ் போனதும் அதைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் இரண்டு முறை அலசி, பால்கனி நிழலில் உலர்த்தி, அவன் வருவதற்குள் மாட்டிவைத்தவள் அவள்தான்.

மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் அவன் ஓயாமல் தும்மியதை எத்தனை நாள்தான் கேட்டுக்கொண்டிருப்பாள்?