ஒஸ்மோ காட்டிய இடம்

தொப்பியைக் கழற்றிவிட்டு, பெரியவர் ஒஸ்மோ உறைந்த ஏரியின் பனியில் காதை வைத்துப் படுத்தார். அரை நிமிடம் அசையவே இல்லை. பக்கத்தில் நின்ற சமுலி மூச்சுவிடக்கூடத் தயங்கினான்.

"இருக்கு தம்பி. இங்கதான்." சிவந்துபோன காதைத் தேய்த்துக்கொண்டே எழுந்தார் ஒஸ்மோ. "வேற எங்கயும் அலைய வேண்டாம்."

"மாமா வீட்டுப் படகுத்துறைக்கு இவ்வளவு கிட்டவா? ஏணியைத் தொட்டுடலாம் போலிருக்கே."

"மீன் உங்களைக் கேட்டுட்டா வரும்? அதோ, என் வீட்டுப் புகை எந்தப் பக்கம் சாயுதுன்னு பாருங்க. காத்து மாறிடுச்சு. இனிமே மீனெல்லாம் கரைக்குத்தான் வரும்."

சமுலி கரையைப் பார்த்தான். ஒஸ்மோ வீட்டுச் சவுனாவில் மட்டுமல்ல, கரை நெடுக எல்லாச் சவுனாக்களிலும் புகை. சனிக்கிழமை மாலையில் நீராவியில் உடம்பை வேகவைக்காமல் அந்த ஊரில் யாரும் சாப்பிட உட்கார மாட்டார்கள். புகையெல்லாம் ஒரே பக்கம்தான் சாய்ந்திருந்தது. பெரியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

சமுலி ஹெல்சிங்கியில் பல் டாக்டர். மாமனார் கலேர்வோவோ ஊரறிந்த மீன்பிடிக்காரர், மனிதர்களைவிடத் தன் நாயிடம் அதிகம் பேசுகிறவர். கல்யாணமாகி நாலு வருஷத்தில் ஒருமுறைகூட அவர் 'மாப்ளே' என்று கூப்பிட்டதில்லை, 'டாக்டர்'தான். அது சமுலிக்கு முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

அவர் மனதைப் பிடிக்கத்தான் பேட்டரியில் ஓடும் துளை மெஷின் ஒன்றை வாங்கி, நாலு சனிக்கிழமையாகப் பனியைத் துளைத்துத் தூண்டில் போட்டு ஏரியைச் சல்லடையாக்கியிருந்தான். ஒரு குஞ்சு மீன்கூடச் சிக்கவில்லை.

இன்று காலையில் கலேர்வோ இடதுகையால் காபியைக் கலக்கியபடியே வாயைத் திறந்தார். வலது தோளில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அந்தக் கை மேலே எழும்புவதில்லை.

"தினம் பல்லுல ஓட்டை போடுறீங்க டாக்டர். பனியில போட வரலையா?"

"இடம்தான் சரியா அமையல மாமா."

"யாரை வேணா கேட்டுக்கங்க. ஒஸ்மோவை மட்டும் கேக்காதீங்க. அவன் இடம் காட்டினா எந்த மடையனும் பிடிச்சுடுவான். அதுல என்ன பெருமை இருக்கு?"

பிறகு என்ன, சமுலி நேரே ஒஸ்மோ வீட்டுக் கதவைத்தான் தட்டினான்.

மெஷின் உறுமியது. முழங்கை ஆழப் பனியை ஒரே மூச்சில் துளைத்துவிட்டது. சமுலி தூண்டிலை எடுக்கப் போனான்.

"பொறுங்க தம்பி. அதை ஒட்டியே இன்னொண்ணு போடுங்க."

"ஒட்டியேவா?"

"ஒத்தை ஓட்டையில சிக்குற மீன் இல்ல இது. இந்த ஏரியிலேயே பெருசு. பிடிவாதம் பிடிச்சது. லேசுல வாயைத் திறக்காது."

சமுலிக்குக் கைகால் பரபரத்தது. அப்படி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் மாமனார் மேஜையில் போட்டால் எப்படி இருக்கும்? மளமளவென்று துளைத்தான். நேராகப் பத்து. "இப்ப இடதுபக்கம் திரும்புங்க," என்றார் ஒஸ்மோ. அங்கே ஒரு பத்து. மறுபடி திரும்பி ஒரு பத்து. மெஷினின் பேட்டரி தீரும் நேரத்தில் நாலு பக்கமும் கூடி, கட்டில் அகலத்துக்கு ஒரு சதுரம் விழுந்திருந்தது.

ஒஸ்மோ கடப்பாரையால் மூலைக்கு ஒரு தட்டு தட்டினார். சதுரப் பனி ஆடியது. இருவரும் சேர்ந்து அதை மிதித்து, பக்கத்துப் பனிக்கு அடியில் தள்ளினார்கள். துறை ஏணியின் ஓரமாகக் கறுப்புத் தண்ணீர் தளதளத்தது.

"பெரியவரே, இவ்வளவு பெரிய வாயா அதுக்கு?"

"வாய் சின்னதுதான். உடம்புதான் பெருசு."

சமுலி குழி ஓரத்தில் முக்காலியைப் போட்டு, தடித்த நரம்பாகப் பார்த்துத் தூண்டிலை இறக்கினான். கண்ணை எடுக்காமல் தண்ணீரையே பார்த்தான். ஒஸ்மோ அவனை அவன் பாட்டுக்கு விட்டுவிட்டு, யாரும் தெரியாமல் வந்து விழுந்துவிடக் கூடாதென்று குழியின் நாலு மூலையிலும் மரக்கிளைகளை நட்டுக்கொண்டிருந்தார்.

கால் மணி நேரமாயிற்று. நரம்பு அசையவில்லை.

"வருமா?" என்று கிசுகிசுத்தான் சமுலி.

ஒஸ்மோ கரைப் பக்கம் காதைத் திருப்பினார். துறையை ஒட்டிய சவுனாவின் கதவு கிரீச்சென்றது. "வருது, வருது. அசையாம உக்காருங்க."

சமுலி நரம்பை இறுகப் பிடித்தான். முதுகுக்குப் பின்னால், பனி நெறுநெறுவென்று மிதிபடும் சத்தம். திரும்பிப் பார்த்தான்.

கம்பளித் தொப்பியும் அரைக்கால் சட்டையுமாக கலேர்வோ வெறுங்காலோடு நின்றிருந்தார். வெந்து சிவந்த உடம்பு முழுக்க ஆவி பறந்தது. இடது தோளில் ஒரு துண்டு, கையில் இன்னொரு துண்டு.

குழியைச் சுற்றி வந்தார். விளிம்பைப் பாதத்தால் தடவிப் பார்த்தார். சவுனாச் சூட்டோடு வந்து முங்கி எழ, போன வருஷம்வரை அவரே கைரம்பத்தால் அறுத்த குழி இவ்வளவு நேராக வந்ததில்லை. கையிலிருந்த துண்டைச் சமுலியின் மடியில் போட்டுவிட்டு, ஏணியில் கால் வைத்தார்.

"தூண்டிலை எடுங்க மாப்ளே. முதல்ல நான், அப்புறம் நீங்க."