பாதித் திருகு

இந்தக் காலத்தில் அடுத்தவன் உடம்பும் உடம்புதான் என்று எவன் நினைக்கிறான்?

மேல்வீட்டுக்காரன் வெந்நீரைத் திறந்தான். கீழே சோப்பு நுரையோடு நின்ற பெரியவர் தலையில் பச்சைத்தண்ணீர் கொட்டியது.

விடுவாரா? தன் குழாயை முழுசாகத் திருகினார். மேலே ஓர் அலறல். பதிலுக்கு அவன் தன் வெந்நீரைச் சட்டென்று மூடினான். இவர் முதுகு வெந்தது.

இரண்டு வீட்டுக்கும் ஹீட்டர் ஒன்று, இறங்கும் குழாய் ஒன்று. குளிக்கும் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம்தான். யார் மாற்றிக்கொள்வது?

இன்றோடு சரி. குழாயை வெட்டித் தனியாகப் பிரித்துவிட பிளம்பர் வாசலில் பையோடு காத்திருக்கிறான். கீழ்வீட்டுக்கும் மேல்வீட்டுக்கும் பொதுவாக மிச்சமிருப்பது அது ஒன்றுதான். அதுவும் ஒழியட்டும்.

மகள் குளியலறைக் கதவைத் தட்டினாள்.

"அப்பா, ஒரே ஒரு தடவை நான் சொல்றபடி செய்யுங்க. அப்புறம் வெட்டிக்கோங்க."

விமான இறக்கையைச் சுற்றிக் காற்று எப்படி ஓடும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறவள் அவள். காற்றின் வேகத்துக்கு ஒரு சமன்பாடு, அழுத்தத்துக்கு ஒன்று. ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும். கொஞ்சம் கூட்டினால் கொஞ்சம்தான் கூடும் என்ற உத்தரவாதமும் கிடையாது. அதனால் முதலில் ஒரு உத்தேச விடை, பிறகு திருத்தம், மறுபடி திருத்தம். திருத்தத்தை முழுசாகப் போட்டால் எண்கள் எகிறிக் கணக்கே வெடித்துவிடுமாம். பாதிதான் போட வேண்டுமாம்.

"உத்தேசமா கணக்குப் போடறதுக்கா உனக்குச் சம்பளம் தர்றான்?"

"அதுலதான்பா ஏரோப்ளேன் பறக்குது."

"அதான் நான் ஏறினதே இல்ல."

இருந்தாலும் கண்ணில் சோப்பு எரிந்தது. எவ்வளவு திருக வேண்டும் என்று கை துடித்ததோ, அதில் பாதி மட்டும் திருகிவிட்டு நின்றார்.

தண்ணீர் தடுமாறியது. பொறுத்தார். மிச்சத்தில் பாதி திருகினார்.

சூடு கொஞ்சம் ஏறியது, கொஞ்சம் இறங்கியது, பிறகு அப்படியே நின்றுவிட்டது. பதமான வெந்நீர். மேலேயும் சத்தத்தைக் காணோம்.

பெரியவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வாசலில் ஒருவன் காத்திருப்பதே மறந்துபோயிற்று.

வெளியே மகள் மாடிப்படிப் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

"சித்தப்பா! நீங்களும் பாதிதானே திருகினீங்க? கீழே சரியா வருது!"

"இங்கேயும்தான்," என்றது மேலிருந்து ஒரு குரல். "உங்கப்பா உள்ளேயே தூங்கிட்டாரா பாரு!"

அந்த வாயிலிருந்து தன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று பெரியவருக்கு நினைவில்லை. துவட்டாமலேயே வேட்டியைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார்.

"கிளம்பு, அப்புறம் சொல்லி அனுப்பறேன்," என்றார் பிளம்பரிடம்.

மகள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"இளிக்காதே. இன்னிக்குத் தொட்டி நிறைஞ்சிருக்கு, அதான் ஒழுங்கா வருது. கணக்காம் கணக்கு!" என்றபடி, சொட்டச் சொட்ட நடந்து உள்ளே போய்விட்டார்.