கையால் மட்டும்

கடைசிச் சொட்டும் விழட்டும் என்று லிஃப்டின் கீழே நின்றிருந்தான் மெக்கானிக்.

மற்ற வண்டிகளுக்கு இவ்வளவு நேரம் நிற்பதில்லை. பழைய ஆயில் நூலாக மெலிந்ததுமே போல்ட்டை மாட்டிவிடுவான். இது அவன் வீட்டுக் கார். வயதான டொயோட்டா. மனைவியும் மகளும் இதில்தான் இன்று வெகுதூரம் போகிறார்கள். வழியில் எங்கும் நின்றுவிடக் கூடாது.

காலையிலிருந்து வேறு வண்டியைத் தொடவில்லை. பிரேக் பேடு புதிது, பெல்ட் புதிது, பேட்டரி புதிது. வைப்பரும் புதிது. பழைய வைப்பரே நன்றாகத்தான் துடைத்துக்கொண்டிருந்தது.

ஜாக்கியின் திருகுக்கு கிரீஸ் தடவி, இரண்டு விரலால் சுற்றிப் பார்த்தான். மகளின் கைக்கும் அது சுற்ற வேண்டும்.

நடுவில் மனைவி போன் செய்து வண்டி தயாரா என்று கேட்டாள். பார்ட்ஸ் வரவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பயணம் நாளைக்குத் தள்ளிப்போகும். வாடிக்கையாளர்களிடம் கூசாமல் சொல்கிற பொய்தான். இன்று வாயில் வரவில்லை.

பக்கத்தில் ஹோண்டாவின் கதவைத் தேய்த்துக்கொண்டிருந்த பெயிண்டர் முகமூடியை இறக்கினான்.

"என்னண்ணே, கல்யாணப் பொண்ணு மாதிரி ஜோடிக்கிறீங்க வண்டியை! ஊரான் வண்டிக்கு இதுல பாதி செஞ்சாக்கூட முதலாளிக்கு ஆனந்தக் கண்ணீர் வந்துடும்."

மெக்கானிக் சிரித்துவைத்தான்.

பழைய ஆயில் ஃபில்டரைக் கழற்றத்தான் பெரும்பாடு பட்டிருந்தான். ஸ்பேனர் வழுக்கி, தகரம் நசுங்கி, முழங்கை சிராய்த்து. குற்றம் சொல்ல ஆளில்லை. போன தடவை பூட்டியதும் அவன்தான்.

ஃபில்டரைக் கையால் மட்டுமே இறுக்க வேண்டும். ரப்பர் வளையம் போய்த் தொட்டபின் முக்கால் சுற்று. அதற்குமேல் தேவையில்லை என்று எல்லா மெக்கானிக்குக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். ஆனாலும் ஸ்பேனரைப் போட்டு இன்னும் அரைச் சுற்று இறுக்குவான். கசிந்துவிடுமோ என்று பயம். அண்ணன் பூட்டினதை அண்ணன்தான் திறக்கணும் என்பது ஷெட்டில் நாள்பட்ட கேலி. எப்போதும் அவனே திறந்ததால் யாருக்கும் நஷ்டமில்லை.

சொட்டு நின்றது. போல்ட்டை மாட்டினான்.

புது ஃபில்டரின் வளையத்தில் விரலால் ஆயில் தடவி, மேலே ஏற்றினான். வளையம் தொட்டது. முக்கால் சுற்று.

பழக்கத்தில் கை ஸ்பேனரை எடுத்தது.

"நீங்க எப்பண்ணே திரும்பி வருவீங்க? நாளைக்கு அந்த ஸ்கோடா வேற வருது."

"நான் போகலை."

"அப்ப அண்ணி எப்ப திரும்பி வருவாங்க?"

இனி இந்த வண்டியை அவர்கள் போய் இருக்கப்போகிற ஊரில் எந்த ஷெட்டில் விடுவார்களோ, மெக்கானிக்குக்குத் தெரியாது. அடுத்து இதன் கீழே நிற்கப்போகிற ஆளையும் தெரியாது. யாராக இருந்தாலும் முழங்கை சிராய்க்காமல் கழற்ற வேண்டும்.

ஸ்பேனரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தான்.

வண்டியை இறக்கிப் புது ஆயில் ஊற்றினான். எஞ்சினைச் சற்று நேரம் ஓடவிட்டு, மறுபடி தூக்கி, ஃபில்டரின் விளிம்பைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தான்.

ஈரமே இல்லை.

இத்தனை வருடமும் கையே போதுமாக இருந்திருக்கிறது.