கன்னத்து வெளிச்சம்

தங்கை வீட்டுப் புதுமனை புகுவிழாவில் எல்லோருக்கும் கேட்கும்படி, "சாப்டியாப்பா?" என்று வெளிநாட்டிலிருக்கும் மகனோடு பேசிக்கொண்டிருந்தார் தணிகாசலம். போனை ஒட்டிய அவர் கன்னத்தில் வெளிச்சம் அடிப்பதை அவர் மனைவி கோமளம் பார்த்துவிட்டாள். சொந்தத்திலேயே முதல் தொடுதிரை போன் அது. மகன் வாங்கித் தந்த அன்று சொன்னான்: "பேசறப்ப காதுல வச்சா லைட்டு தானா அணைஞ்சிடும்ப்பா."

தன்மேல்தான் அவனுக்குக் கோபம், அப்பாவிடமாவது பேசுகிறானே என்று இரண்டு வருடமாக மனசைத் தேற்றிவந்தவள், அணையாத அந்த வெளிச்சத்தையே பார்த்தாள்.

"அண்ணிகிட்டயும் குடுங்கண்ணே," என்றாள் நாத்தனார்.

தணிகாசலம் போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டார். கோமளம் போனை வாங்கிக் காதில் வைத்து, வெளிச்சம் தெரியாமல் முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"எங்களுக்காக நீ ஒண்ணும் வரவேண்டாம்டா. அங்கயே இரு."

"பெத்த மனசைப் பாத்தீங்களா!" என்று நாத்தனார் பூரித்துப்போனாள்.

கோமளம் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.