நேரலையில் அரை நிமிஷம்

"கூப்பிடட்டும். நல்லாக் கூப்பிடட்டும்" என்றார் சங்கத் தலைவர் துளசிங்கம்.

கையில் செல்போனை இறுக்கிக்கொண்டு, கொடிக்கம்பத்துக்கும் பந்தலுக்கும் நடையாய் நடந்தார்.

"இன்னா தலைவரே, குட்டி போட்ட பூனையாட்டம் சுத்திகினு கீறீங்க? செத்த உக்காருங்க" என்றான் ஜோஷ்வா. வேலை போனதிலிருந்து ஆட்டோ ஓட்டி இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைப்பவன்.

தாம்பரத்தைத் தாண்டி, ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய தொழிற்சாலை அது. சங்கம் வைத்த குற்றத்துக்காக நாற்பது பேரை வெளியே தள்ளியிருந்தது நிர்வாகம். வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தவர்கள் மழையும் பார்த்தாயிற்று, வெயிலும் பார்த்தாயிற்று. துண்டறிக்கை அடித்துக் கொடுத்தால், பஸ்ஸுக்கு நிற்பவர்கள் வாங்கி விசிறிக்கொண்டார்கள். டிவிக்காரர்களுக்குப் போன் போட்டுப் போட்டுத் துளசிங்கத்தின் விரல் தேய்ந்ததுதான் மிச்சம். நடிகரின் கார் பஞ்சரானால் நாலு கேமரா ஓடும். நாற்பது குடும்பத்துக்கு ஒரு கேமராகூட வரவில்லை.

இன்றைக்கு டிவியே அவரைக் கூப்பிடப் போகிறது. அதுவும் எதற்கு? சினிமாப் பாட்டு வினாடி வினாவுக்கு!

'மெட்டு மேடை' நிகழ்ச்சியின் இறுதிச் சுற்றில் உட்கார்ந்திருந்தாள் அவருடைய தங்கை கன்னியம்மா. பதில் தெரியாவிட்டால் போட்டியாளர் ஒரே ஒரு முறை வெளியாள் ஒருவருக்குப் போன் செய்யலாம். அரை நிமிஷம் பேசலாம். கன்னியம்மா கொடுத்திருந்தது அண்ணனின் நம்பர்.

"அவங்க வூட்டுக்காரு எழில்தானே ஸ்டிரைக்கை ஒடச்சிகினு மொத ஆளா உள்ள பூந்தவரு?" என்றான் ஜோஷ்வா.

"அந்தக் கருங்காலியேதான்."

"தங்கச்சியோட பேச்சே இல்லன்னீங்களே?"

"இல்லதான். என் வாசப்படி மிதிக்காதேன்னு நான்தான் சொன்னேன். பரிசுன்னதும் அண்ணன் ஞாபகம் வந்துடுச்சு பாரு."

"அது சரி, உங்களுக்குப் பாட்டைப் பத்தி இன்னா தலைவரே தெரியும்? நீங்க கோஷம் போட்டாலே சுருதி சேராது."

பந்தலே சிரித்தது. துளசிங்கம் சிரிக்கவில்லை.

"பதில் சொல்லப் போறேன்னு யாருடா சொன்னது? இது நேரலை. வெட்டவும் முடியாது, ஒட்டவும் முடியாது. புருஷன் பண்ண துரோகத்தை ஊரே கேக்கற மாதிரி கிழிக்கப் போறேன். காலையிலேர்ந்து மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கேன்."

போன் அடித்தது. துளசிங்கம் எடுத்துக் காதில் வைத்தார்.

"வணக்கம் சார்! 'மெட்டு மேடை'யிலேர்ந்து பேசறோம். உங்க தங்கச்சி லைன்ல இருக்காங்க. அரை நிமிஷம், இப்ப ஆரம்பம்!"

"அண்ணா, நான் கன்னி பேசறேன். நல்லா கீறியா? நான் சொல்றத மொதல்ல..."

"நீ என்னடி சொல்றது? நான் சொல்றேன் கேளு!" துளசிங்கத்தின் குரல், தொழிற்சாலை வாசல் கூட்டங்களில் முழங்கிய அதே பழைய குரல், கணீரென்று எழுந்தது. "கூட வேலை செஞ்சவன் வயித்துல அடிச்சிட்டுப் போனவன் பொண்டாட்டி நீ!"

"அண்ணா, இரு, இரு..."

"கெஞ்சறியா? எச்சில் சோத்துக்கு உள்ள போனான் உன் புருஷன். இப்ப நீ பரிசுக்கு எங்கிட்ட வர்ற!"

"ஐயோ, நேரம் போவுதுண்ணா! நீ அந்த..."

"போவட்டும்! உனக்கு அண்ணனே கிடையாது. துரோகி வீட்டுக்கு எங்கிட்ட பதிலும் கிடையாது!"

லைன் துண்டிக்கப்பட்டது.

துளசிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டார். நாக்கு குழறாமல், ஒரு சொல் விடாமல் வந்துவிட்டது. பந்தலில் உட்கார்ந்திருந்த கேசவன் கைதட்டினான். வேறு யாரும் சேர்ந்துகொள்ளாததால் நிறுத்திவிட்டான்.

"இங்க இப்பத்தான் வருது தலைவரே" என்று தன் செல்போனைத் தூக்கிப் பிடித்தான் ஜோஷ்வா. அதில் நிகழ்ச்சி கொஞ்சம் பின்தங்கியே ஓடிக்கொண்டிருந்தது.

எல்லோரும் சுற்றி நின்றார்கள். தன் குரல் டிவியில் வருவதைத் துளசிங்கம் முதல்முறையாகக் கேட்டார். இவ்வளவு கரகரப்பாகவா இருக்கிறது? திரை முழுக்கக் கன்னியம்மாவின் முகம். பட்டுப்புடவை கட்டியிருந்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் அவள் இமை அடித்துக்கொண்டது. ஆனால் தலையைக் குனியவில்லை.

நேரம் முடிந்ததற்கான மணி அடித்தது. அரங்கத்தில் யாரும் கைதட்டவில்லை.

தொகுப்பாளர் தொண்டையைச் செருமினார். "ஸாரி மேடம். கேள்வியைப் படிக்கக்கூட அவர் விடல. இனிமே நீங்களேதான் சொல்லணும். நாம கேட்ட இசையில புல்லாங்குழல் மாதிரி ஒலிச்சது உண்மையில எது? ஷெனாய், வயலின், வாய் விசில், கிளாரினெட்."

"வாய் விசில்" என்றாள் கன்னியம்மா, யோசிக்காமல்.

"சரியான விடை!" அரங்கம் அதிர்ந்தது. தொகுப்பாளர் மட்டும் குழம்பிப்போய் நின்றார். "பதில் முன்னாடியே தெரியுமா?"

"பாட்டு போட்டதுமே தெரியும் சார்."

"அப்புறம் எதுக்கும்மா அவருக்குப் போன்?"

கன்னியம்மா புடவைத் தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

"வேலை போன நாப்பது பேரோட தெருவுல உக்காந்துகினு கீறாரு சார் எங்கண்ணன். ஒரு டிவியும் அவருகிட்ட மைக்கை நீட்டல. நேரலையில அவரு கோரிக்கையைச் சொல்லட்டும்னு அந்த அரை நிமிஷத்தை அவருக்குக் கொடுத்தேன். அவரு என்னைத் திட்டியே முடிச்சிட்டாரு."