மாப்பிள்ளை தூக்கிப்போன மெஷின்

"உன் புருஷன் என் ஆக்ஸிஜன் மெஷினைத் தூக்கிட்டுப் போயிட்டான்டி!"

மூத்த மகள் சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். அவள் அம்மா, அதாவது மாப்பிள்ளையின் மாமியார், கட்டிலில் உட்கார்ந்து பொருமிக்கொண்டிருந்தாள். மூக்கில் இருந்த குழாய், கட்டிலோரம் நின்ற ஆளுயர சிலிண்டருக்குப் போயிருந்தது.

"சிலிண்டர் வெச்சிட்டுத்தானேம்மா போயிருக்கார்? சாயங்காலம் வரைக்கும் தாங்கும்."

"ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா? நான் என்ன மரமா?"

மாமியாருக்கு ஏற்கெனவே வயிற்றெரிச்சல். ஞாயிற்றுக்கிழமை சின்ன மகளுக்குக் கல்யாணம். மூன்று மணி நேரப் பயணம். மெஷினோ சுவர் ப்ளக்கில் சொருகினால்தான் ஓடும். சிலிண்டரை வண்டியில் ஏற்றவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். பெற்ற மகள் கல்யாணத்தைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

மகன் தேனொழுகப் பேசினான். "கவலைப்படாதேம்மா, ஒண்ணுவிடாம போன்ல காட்டுறேன்."

மாப்பிள்ளையோ முகத்திலடித்த மாதிரி, "இந்த வேன்ல உங்களைக் கூட்டிட்டுப் போக முடியாது அத்தை" என்று சொல்லிவிட்டு, அந்த ஓட்டை வேனுக்கு அடியிலேயே குடிபோய்விட்டார்.

ஒரு வாரமாக ஜன்னல் வழியே அந்தக் கூத்துதான். வேனுக்குக் கரண்ட் தரும் ஆல்டர்னேட்டரைக் கழற்றி, முப்பது வருஷத்து அழுக்கை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, தகட்டிலிருந்த எழுத்தைப் படித்துக் கத்தினார். "முப்பத்தஞ்சு ஆம்ப்தான்! லைட்டும் வைப்பரும் போட்டாலே திணறும், பாவம்!"

இங்கே மாமியார் மூச்சுக்குத் திணறுகிறாள், அவருக்கு வேன் பாவமாம்.

"பேட்டரியைப் பெரிசாப் போடுங்களேன் மச்சான்" என்றான் மகன்.

"தொட்டி பெரிசா இருந்து என்ன? குழாய்ல தண்ணி வரணுமே!"

பழைய இரும்புக் கடைகளில் அலைந்து தொண்ணூறு ஆம்ப் ஒன்றைப் பிடித்தார். மாட்டுகிற காது பொருந்தவில்லை, அராவினார். பெல்ட் நழுவியது, மாற்றினார். ஒயர் சுட்டது, சுண்டுவிரல் கனத்தில் புதிதாக இழுத்தார். சீட்டுக்கடியில் ஒரு இன்வெர்ட்டர் வேறு. கல்யாணத்தன்று பாட்டுப் போட்டு ஊரை அலறவிடத்தான் இத்தனை பாடும் என்று மாமியார் முடிவே கட்டிவிட்டாள்.

இப்போது மெஷினும் போயிற்று.

"வரட்டும், நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேக்கறேன்."

ஆறு மணி நேரம் கழித்து வேன் வந்தது. மாப்பிள்ளை மெஷினைப் பச்சைக் குழந்தை மாதிரி அணைத்துத் தூக்கி வந்தார். உடம்பெல்லாம் புழுதி, முகமெல்லாம் பல்.

"எங்க போயிருந்தீங்க மாப்பிள்ளை?" நேரில் மட்டும் மரியாதை வந்துவிட்டது.

"கல்யாண ஹால் வாசல் வரைக்கும் போயிட்டு வந்தேன் அத்தை! போக மூணு, வர மூணு. லைட், வைப்பர், ஃபேன் அத்தனையும் போட்டு, மெஷினையும் ஓடவிட்டேன். ஒரு நிமிஷம் நிக்கலை! மீட்டர் முள் பதினாலு வோல்ட்டை விட்டு இறங்கவே இல்லை. ஜெயிச்சிட்டோம்!"

மாமியாருக்குக் கண் நிறைந்தது.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"முடியாமப் போயிருந்தா, உங்களை ரெண்டாவது தடவை அழவெச்ச மாதிரி ஆயிருக்கும்."

"சரிப்பா... அங்க வந்து இந்த மெஷினை எங்க வைக்கிறது?"

மாப்பிள்ளை குனிந்து மெஷின் ஒயரைச் சுவரில் சொருகிக்கொண்டே சொன்னார்:

"முதல் வரிசையில உங்களுக்கு நாற்காலி போடச் சொல்லிட்டுத்தான் வந்தேன் அத்தை, ப்ளக் பாயின்ட்டுக்குப் பக்கத்துலயே."